கடலோர ஊரில் பழைய ஹோண்டா சிட்டி விடெக் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி விடெக் முழுமையான ஸ்போர்ட்ஸ் கார் அன்று என்றாலும், 1.5 லிட்டரில் 100 குதிரைத்திறனுக்கு மேல் தந்த அதன் எஞ்சினுக்காக இன்றும் அதைத் தேடுவோர் உண்டு.

குமரி மாவட்டத்தில் எஞ்சினுக்கு முன்பே துருவைத்தான் பார்க்க வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற ஊர்களில் பல ஆண்டுகள் வெளியில் நின்ற வண்டியில், உப்புக்காற்றும் இரு பருவமழைகளும் சேர்ந்து, சக்கர வளைவையும் கதவுக்குக் கீழுள்ள சட்டத்தையும் உட்புறமிருந்தே அரித்திருக்கக்கூடும். புதுப் பெயின்ட்டின் பளபளப்பில் மயங்காமல் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, துருவின் ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டிதான் (putty) இருக்கிறது. அத்தகைய வண்டியை, விலை எவ்வளவு குறைந்தாலும், நான் வாங்கமாட்டேன்.

எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு இசைந்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையெனில், விற்பவர் என்ன சொன்னாலும், மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையக்கூடும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் அதனுடன் மாற்றிவிட்டால் கூலி ஒருமுறையோடு முடியும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக உருவாக்கப்படாத வண்டி என்பதால், எரிபொருள் ரப்பர் குழாய்களில் வெடிப்பும் கசிவும் உள்ளனவா என்றும் பாருங்கள்.

பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து, பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயான புதுப்பிப்புக் கட்டணம், 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக உயர்ந்தது. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. நாகர்கோவிலின் டிஎன் 74 ஆயினும் மார்த்தாண்டத்தின் டிஎன் 75 ஆயினும், முன்பணம் கொடுக்குமுன் ஆர்சி-யில் செல்லுபடி நாளைப் பாருங்கள்.