சிங்கப்பூரில் செம்மண் பாதை தேடி: கிரேவல் சைக்கிளோடு கிளம்புமுன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஊரில் உயரமான குன்று புக்கிட் தீமாதான், அதுவே 163 மீட்டர். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, மலைச்சரிவில் நாள் முழுக்கச் சரளைக் கல்லில் ஓட்டலாம் என்ற கனவோடு கிரேவல் சைக்கிள் (ரோடு பைக் மாதிரி இருக்கும், டயர் மட்டும் அகலம்) வாங்கினால் முதல் மாதமே மனசு விட்டுப்போகும். இங்கே பாதை துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே தார்ச்சாலை, பூங்கா இணைப்புப் பாதை, விரைவுச்சாலைக்கு அடியில் ஒரு சுரங்கவழி என்று ஒட்டுப்போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஒட்டுப்போடும் வேலைக்கு கிரேவல் சைக்கிளை அடிக்க ஆள் கிடையாது. மவுண்டன் பைக் தார்ச்சாலையில் உயிரை வாங்கும், ரோடு பைக் செம்மண்ணில் வழுக்கும், இது இரண்டிலும் ஓடும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் பழைய ரயில் பாதையில் ஆரம்பியுங்கள். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது (மலேசியாவின் ஜொகூர் மாநில சுல்தானே ஓட்டிப்போனார்). தண்டவாளத்தை எடுத்த பிறகு உட்லண்ட்ஸ் வரை சுமார் 24 கி.மீ. நீளத்துக்குப் பசுமைப் பாதை நமக்கு மிஞ்சியது. ரயிலுக்கு ஏற்றம் ஆகாது, அதனால் பாதை ஏறக்குறைய சமதளம்தான், தொடை வலிக்காது. ஆனால் இரண்டு பக்கமும் மரம் கவிந்து, புக்கிட் தீமா வட்டாரத்தில் சாலைச் சத்தம் அடங்கி, பறவைச் சத்தம் மட்டும் கேட்கும் இடங்கள் உண்டு. அப்பர் புக்கிட் தீமா சாலைப் பக்கம் முருகன் திருக்குன்றம் இருக்கிறது, எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அதைத்தான் அடையாளமாக வைத்து 'கோயில்கிட்ட சந்திப்போம்' என்பார்கள். ஒன்று மட்டும் மறக்கவேண்டாம். இது நடப்பவர்களின் பாதை, நாம் விருந்தாளி. சனி, ஞாயிறு எட்டு மணிக்கு மேல் குழந்தை வண்டி, நாய், தாத்தா பாட்டி என்று நிறைந்துவிடும். மணியை அடித்துக்கொண்டே பறப்பதில் அர்த்தமில்லை, ஏழு மணிக்கே இறங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். பழைய இரும்புப் பாலங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், படம் எடுப்பவர்கள் எப்படியும் வழிவிட மாட்டார்கள்.

அடுத்து செஸ்நட் இயற்கைப் பூங்கா. 81 ஹெக்டர், அதில் மவுண்டன் பைக்குக்கு என்றே 8.2 கி.மீ. பாதை, நடப்பவர்களுக்குத் தனிப்பாதை. சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்துப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒருவழிப் பாதை என்றால் ஒருவழிப் பாதைதான், எதிர்த்திசையில் போய் வளைவில் யார் தலையோடாவது மோதிக்கொள்ளாதீர்கள். கிரேவல் சைக்கிள்போல டிராப் ஹேண்டில்பார் (கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி) வைத்த சைக்கிளில் முதல் இரண்டு மூன்று தடவை சுலபமான சுற்றோடு நிறுத்திக்கொள்வதே புத்தி. வேர் குறுக்கே கிடக்கும் இடத்தில் பிரேக்கைப் பிடிக்கக்கூடாது, வேருக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, இருக்கையிலிருந்து சற்று எழுந்து, கையைத் தளர்த்திச் சைக்கிளைத் தன்போக்கில் விடவேண்டும். ஈர வேரின் மேல் முன்பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகும் என்று என் இடது முழங்கையைக் கேட்டால் சொல்லும். புக்கிட் தீமா குன்றைச் சுற்றி ஓடும் சைக்கிள் பாதை இன்னும் கல்லும் முள்ளுமானது, அங்கே பாதி தூரம் நான் தள்ளிக்கொண்டுதான் போவேன், வெட்கமே இல்லை.

செஸ்நட்டிலிருந்து மண்டாய்ப் பக்கம் போக கங்சா பாதை இருக்கிறது. என்னைக் கேட்டால் சிங்கப்பூர் தீவுக்குள் உண்மையான கிரேவல் சுகம் அங்கேதான். அகலமான சரளைத் தடம், சின்னச் சின்ன ஏற்ற இறக்கம், இரண்டு பக்கமும் காடு. நடப்பவர்களும் வருவார்கள், பார்த்து ஓட்டுங்கள். பாதையை விட்டு உள்ளே இறங்கவே வேண்டாம், அக்கம்பக்கத்தில் ராணுவப் பயிற்சிப் பகுதி என்ற எச்சரிக்கைப் பலகைகள் அழகுக்காக வைத்தவை அல்ல. அதேபோல மெக்ரிட்சி காட்டுப் பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது. கூகுள் வரைபடத்தில் கோடு தெரிகிறதே என்று நுழைந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் அபராதச் சீட்டோடுதான் வெளியே வரவேண்டும். இயற்கை வனப்பகுதிகளும் செஸ்நட்டும் காலை 7 முதல் மாலை 7 வரைதான், விளக்கு மாட்டிக்கொண்டு இரவுச் சவாரி போகும் யோசனையை அங்கே எடுக்காதீர்கள்.

ஒரு முழு நாள் கையில் இருந்தால் பூலாவ் உபின் தீவு. சாங்கி உணவங்காடியில் பசியாறிவிட்டு, படகுத்துறையில் வரிசையில் நின்றால், 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். சைக்கிளுக்குத் தனியாகக் கொஞ்சம் காசு, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். படகுக்காரர் சைக்கிளைச் சாய்த்து வைக்கும்போது பின்கியர் இருக்கும் பக்கம் மேலே பார்க்கும்படி வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் சைக்கிளின் எடை முழுக்க அதன்மேல்தான் இறங்கும். தீவில் இறங்கியதும் இடப்பக்கம் போனால் கெத்தாம் மவுண்டன் பைக் பூங்கா, வலப்பக்கம் போனால் செக் ஜாவா சதுப்புநிலம். கெத்தாமில் கறுப்பு வைரக் குறி போட்ட கடினமான தடங்களைக் கிரேவல் சைக்கிளோடு தொடவேண்டாம். நடுவில் இருக்கும் கற்சுரங்கக் குளங்களை ஒட்டிய பாதைகளே போதும், கண்ணுக்குக் குளிர்ச்சி. செக் ஜாவா போகும் வழியில் செங்குத்தான இறக்கங்கள் உண்டு, சரளை உருளும், மெதுவாக இறங்குங்கள். நடைபாலத்துக்குச் சைக்கிளைக் கொண்டுபோக முடியாது, வெளியே நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும்.

அந்த நிறுத்துமிடத்தில்தான் என் கதை நடந்தது. ஹேண்டில்பாரில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறும் காரமான சம்பலும்) பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு, ஐந்து நிமிடம் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டு வந்தேன். காட்டுப்பன்றி ஒன்று, குட்டிகளோடு, பையைப் பல்லால் இழுத்துச் சைக்கிளையே சாய்த்துவிட்டு, சம்பலை மட்டும் ஒதுக்கிவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பொட்டலம் போனது பெரிதில்லை, பின்கியரைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் ஹேங்கர் வளைந்துவிட்டது. கியர் மாறவே இல்லை, ஒரே கியரில் படகுத்துறை வரை வந்தேன். அன்றிலிருந்து இரண்டு பழக்கம். உணவைப் பையின் அடியில் ஜிப் போட்டு வைப்பேன் (குரங்குக்கும் பிளாஸ்டிக் பைச் சத்தம் நன்றாகத் தெரியும்), உபரி ஹேங்கர் ஒன்றும் கூடவே இருக்கும். உங்கள் சைக்கிள் மாடலுக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள், ஒன்றுக்கு உரியது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

டயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 40 மி.மீ. அகலமாவது வேண்டும், சட்டம் இடம் கொடுத்தால் 45. டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் போட்டு உள்ளே சீலன்ட் என்ற ஓட்டையடைக்கும் திரவத்தை ஊற்றிவிட்டால் முள் குத்தினாலும் தானே அடைத்துக்கொள்ளும், ஆனால் நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துபோகும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். 70 கிலோ ஆளுக்குக் காட்டுப் பாதையில் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ பக்கம் வைத்துப் பார்த்து, அங்கிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சாலையில் ஓட்டுவதுபோல் கல் மாதிரி அடித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு வேரும் முதுகெலும்பில் கணக்கெழுதும்.

மழைதான் இங்கே எஜமான். மதியத்துக்கு மேல் இடி, ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடிகாலையில் திடீரென்று அடித்துவிட்டுப் போகும் சுமத்ரா காற்று, ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இரண்டு மணி நேர முன்னறிவிப்பையும் ரேடார் படத்தையும் பார்க்காமல் கிளம்பாதீர்கள். முந்தின நாள் கனமழை என்றால் செம்மண் தடத்தை விட்டுவிட்டு ரயில் பாதைக்குப் போங்கள். நம் பிரேக் போட்ட கோடெல்லாம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகி, பாதையே அரித்துப்போகும். இடி கேட்டால் திறந்தவெளியிலும் மரத்தடியிலும் நிற்காமல், பக்கத்தில் இருக்கும் கட்டடத்துக்குப் போய்விடுங்கள்.

எம்ஆர்டி ரயிலில் மடக்கு சைக்கிளுக்கு மட்டும்தான் இடம், ஆகவே தொடக்க இடத்துக்கும் ஓட்டிக்கொண்டுதான் போகவேண்டும், அந்தத் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். சாலையில் தலைக்கவசம் கட்டாயம். இருட்டினால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு, பூங்கா இணைப்புப் பாதையிலும்தான்.

இதெல்லாம் பழகி, நிஜ ஏற்றம் வேண்டும் என்று கால் அரித்தால் ஜொகூர் இருக்கிறது. சாங்கியிலிருந்து பெங்கராங்குக்குப் படகில் சைக்கிளோடு போகலாம், கடப்பிதழ் கட்டாயம். அங்கே செம்பனைத் தோட்டங்களுக்குள் செம்மண் சாலை முடிவே இல்லாமல் போகும். தோட்டம் என்றால் தனியார் இடம், வாசலில் காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள். 'எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவருதான் அண்ணே' என்று நான் ஒருமுறை சொல்லப்போக, காவலாளி என்னைத் தேநீர் குடிக்காமல் விடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் வேலைதான் பலருக்குத் தெரியாதது. செம்மண் காய்ந்தால் சிமென்ட். அன்றைக்கே கழுவவேண்டும், ஆனால் அடுக்குமாடித் தாழ்வாரத்தில் கழுவினால் எதிர்வீட்டு ஆன்ட்டி நகர மன்றத்துக்கு எழுதிவிடுவார். குளியலறையில் இரண்டு வாளித் தண்ணீர், பழைய துணி, பல் துலக்கும் பிரஷ் போதும். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், சக்கர அச்சுக்குள் போய் கிரீஸைக் கரைத்துவிடும். சங்கிலியை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு அப்புறம் எண்ணெய் போடுங்கள். கடைசியாகப் பிரேக் பேடைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஈர மணல் உப்புத்தாள் மாதிரி அதைத் தேய்த்துவிடும், ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் அடுத்த வாரச் சவாரிக்கு முன் மாற்றிவிடுங்கள்.