கல்யாணத்துக்கு எட்டர்னிட்டி மோதிரம் எடுக்கப் போறீங்களா? இதைப் பாத்துட்டுப் போங்க

எங்க மார்த்தாண்டம் பக்கம் சர்ச்சுல மாத்துற மோதிரம்னா முன்னாடியெல்லாம் பிளெய்ன் தங்க வளையம்தான், இப்போ பிள்ளைங்க எட்டர்னிட்டி, அதாவது வளையத்துல ஒரே மாதிரி சின்னக் கல்லு வரிசையா வச்சதைக் கேக்குறாங்க. என் தங்கச்சிக்கும் அப்படித்தான் எடுத்தோம், சுத்திலும் கல்லு, பாக்க அவ்வளவு அழகு. குழந்தை பிறந்ததும் விரல் தடிச்சிட்டு, மோதிரம் ஏறல. பெருசாக்கக் கொண்டு போனா ஆசாரி கையை விரிச்சுட்டாரு, வெட்டி ஒட்ட வெறும் தங்கம் எங்கயும் இல்ல.

அதனால மொதல்ல முடிவு பண்ண வேண்டியது ஃபுல்லா ஹாஃபாங்கிறதுதான். தினம் போடுற மோதிரம்னா மேல்பாதி மட்டும் கல்லு உள்ள ஹாஃப் எடுங்க, கீழ்ப்பக்கம் கல்லு இருந்தாலும் தேங்காய் துருவும்போதும் மீன் கழுவும்போதும் அதுதான் அடிபடும், யாரும் பாக்கவும் போறதில்ல.

அடுத்து கல்லு. கீறல் படாம தாங்குறதை 1லிருந்து 10 வரைக்கும் அளக்குற மோஸ் கணக்குல வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, இது மூணும் தாங்கும். மரகதம் ஆசையா இருந்தா விசேஷத்துக்குப் போடுற மோதிரத்துல வச்சுக்கோங்க, அதுக்கு உள்ளயே கீறல் இருக்கும், பெரும்பாலும் எண்ணெய் ஏத்தித்தான் விக்கிறாங்க. முத்து வேண்டவே வேண்டாம், சீக்கிரம் தேஞ்சு போகும்.

தங்கம் 22 காரட்தான் வேணும்னு அம்மாமார் நிப்பாங்க, ஆனா சின்னக் கல்லைப் பிடிச்சு நிக்க 18 காரட்தான் கெட்டி. 18 காரட்னா ஹால்மார்க் முத்திரைல 750ன்னு இருக்கும், அதாவது ஆயிரத்துல 750 பங்கு தங்கம். பக்கத்துல எழுத்தும் நம்பரும் கலந்து மொத்தம் 6 இடத்துல ஹெச்யூஐடி இருக்கும், அது அந்த நகைக்கு மட்டும் உள்ள அடையாள நம்பர், அதை ஹால்மார்க் குடுக்குற அரசு அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல அடிச்சுப் பாருங்க.

கல்லு எப்படிப் பதிச்சிருக்குன்னு கண்டிப்பா பாக்கணும். ரெண்டு சுவருக்கு நடுவுல வரிசையா இறக்குற சானல் செட்டிங் வீட்டு வேலைக்கு நல்லது. குட்டிக் கால் வச்சுப் பிடிச்சதுன்னா துப்பட்டா மேல மெதுவா இழுத்துப் பாருங்க, நூல் மாட்டுச்சுன்னா ஒரு காலு தூக்கியிருக்கு, அதை வாங்காதீங்க.

அளவு சாயங்காலம் எடுங்க, காலைல விரல் மெலிஞ்சிருக்கும்.

பில்லுல கல்லு எடை தனியா வரணும். தங்கத்துக்குச் சொல்ற காரட் சுத்தம், கல்லுக்குச் சொல்ற காரட் எடை, ரெண்டும் வேற. ஒரு காரட் கல்லு 0.2 கிராம், அப்போ 4 கிராம் மோதிரத்துல ஒரு காரட் கல்லு இருந்தா தங்கத்துக்கு 3.8 கிராமுக்குத்தான் காசு. இதைக் கேக்க கூச்சப்படாதீங்க மக்கா, உங்க பணம்.

வாங்கினப்புறம் மாசம் ஒரு தடவை இளஞ்சூட்டுத் தண்ணில சோப்பு போட்டு பழைய மெல்லிசு பிரஷ்ல தேய்ங்க, கல்லுக்கு அடியில மசாலா போய் உக்காந்திருக்கும். காய்ஞ்சதும் காதுகிட்ட வச்சு விரலால தட்டிப் பாருங்க, லேசா கடகடன்னா கல்லு ஆடுது, அன்னைக்கே கழட்டி ஆசாரிகிட்ட குடுத்துருங்க.