டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறதா?

என் மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது வாரத்தில் இரண்டு நாளாவது மதியச் சாப்பாடு தொடாமல் வீடு திரும்பும். மாலையில் மூடியைத் திறந்தால் புளித்த தயிர்சாத வாடைதான் வரும். கெஞ்சினேன், மிரட்டினேன், போனைக் காட்டி ஊட்டினேன். பிறகு உருப்படியாகச் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மூன்று நாள் எழுதி வையுங்கள். கண் விழித்ததிலிருந்து தூங்கும் வரை வாய்க்குள் போன எல்லாமே, நேரத்தோடு. தாத்தா நைசாகக் கொடுக்கும் மிட்டாய் உட்பட. எங்கள் நோட்டில் மூன்று பெரிய டம்ளர் பால், இடையிடையே பிஸ்கட். ஒன்றுமே சாப்பிடுவதில்லை என்று நான் புலம்பிய பிள்ளைக்குப் பசி எடுக்கவே நேரமில்லை!

அடுத்து, பசிக்க விடுங்கள். பால் நாளுக்கு 400–500 மில்லி போதும். வயிற்றை அடைத்துவிடும், இரும்புச்சத்தும் அதில் மிகக் குறைவு. ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும். முதல் வாரம் ரகளை நடக்கும். பாட்டியையும் தாத்தாவையும் முன்பே உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, டப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குக் கட்டுவதுபோலவே கட்டி, மதியம் அவள் கையில் கொடுத்து, "நீயே திறந்து சாப்பிடு" என்றேன். நான்கு பக்கமும் கிளிப் உள்ள, கசியாத டப்பா. பெருமையாக வாங்கியது. இரண்டு கிளிப்புக்கு மேல் அவளால் நெம்ப முடியவில்லை.

"மிஸ்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"மிஸ் சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்கம்மா."

பக்கத்தில் உட்காரும் தோழிதான் தினமும் திறந்து தருவாளாம். அவள் லீவு போட்டால் இவள் பட்டினி. அன்றைக்கே சாதாரண எவர்சில்வர் டப்பாவுக்கு மாறினோம்.

இந்தச் சோதனையில் நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். ஆறிய எலுமிச்சை சாதம் விறைத்திருக்கும், சூட்டோடு மூடிய சப்பாத்தி வியர்த்து நசநசக்கும். தயிர்சாதத்தில் பாலைத் தாராளமாக ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்தால் மதியம் அவ்வளவாகப் புளிக்காது.

அப்புறம் புதுக் காய்கள். பிடித்ததற்குப் பக்கத்தில் ஒரு துணுக்கு வையுங்கள், "சாப்பிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். பத்து, பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகே தொடும் பிள்ளைகள் உண்டு. என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் பிரித்துச் சொல்வார். அரை மணியில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல். (பீட்ரூட்டை எங்கள் வீட்டில் இன்னும் உருட்டி விளையாடுவதோடு சரி.)

எடை குறைந்தாலோ, விழுங்கும்போது வலித்தாலோ, அடிக்கடி புரையேறினாலோ, மலச்சிக்கல் தொடர்ந்தாலோ, முகம் வெளிறி சாக்பீஸ், மண் தின்றாலோ, விரல் விட்டு எண்ணும் சில உணவுகளைத் தவிர எதைக் கண்டாலும் குமட்டினாலோ குழந்தை மருத்துவரிடம் போங்கள். பசி டானிக்கை நீங்களாக வாங்க வேண்டாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரை தவறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த மூன்று நாள் நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எங்கள் டாக்டர் முதலில் கேட்டதே, "காலையிலேர்ந்து என்னென்ன சாப்பிட்டா?" என்றுதான்.