ஜெர்மனியில் ஆராய்ச்சி வேலை: முடிவுத் தேதியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்

ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி) வேலை கிடைத்ததும் நாம் ஒப்பந்தத்தில் முதலில் தேடுவது சம்பளத்தை, அடுத்து முடிவுத் தேதியை. அந்தத் தேதி எந்தச் சட்டப் பிரிவின்படி போடப்பட்டது என்று பார்ப்பவர்கள் குறைவு. பின்னால் வரும் தொல்லைகள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

ஆராய்ச்சியாளர்களின் தற்காலிக வேலைக்கென்றே அங்கே 2007 முதல் தனிச் சட்டம் உண்டு. அதன் 2(1) பிரிவின்படி முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு (மருத்துவத்தில் 9) வரை ஒருவரைத் தற்காலிக வேலையில் வைத்துக்கொள்ளலாம். 2(2) பிரிவு, வெளி நிதியில் நடக்கும் ப்ராஜெக்ட்டுகளுக்கானது. 6 ஆண்டு தீர்ந்த பிறகும் இதன்கீழ் ஒப்பந்தம் போட முடியும். ஆனால் ப்ராஜெக்ட்டில் கழிந்த காலமும் அந்த 6 ஆண்டில் கழியும். இதைத் தெரியாமல் "ப்ராஜெக்ட்தானே, கணக்கில் வராது" என்று நம்பியிருப்பவர்கள் பலர்.

அரை வேலைக்குச் சம்மதிப்பதிலும் இதே கதைதான். வழக்கமான வேலை நேரத்தில் கால் பங்குக்கு மேல் இருந்தாலே முழுக் காலமும் எண்ணப்படும். பாதிச் சம்பளத்தில் ஒரு வருடம் ஓட்டினால், உங்கள் கணக்கில் குறைவது அரை வருடம் அல்ல, முழு வருடம்.

ஊரில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இன்னொன்றில் கோட்டைவிடுகிறார்கள். பட்டத்துக்கு 6 ஆண்டுக்குக் குறைவாக எடுத்திருந்தால், மிச்சக் காலம் பட்டத்துக்குப் பிந்தைய 6 ஆண்டோடு சேரும். சென்னையில் படித்த நண்பர் ஒருவர், பணியாளர் அலுவலகம் தந்த படிவத்தில் ஆய்வு தொடங்கிய நாள் என்ற இடத்தில், ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் உதவியாளராகச் சேர்ந்த தேதியை எழுதிவிட்டார். அங்கிருந்து எண்ணினால் சரியாக 6 ஆண்டு, மிச்சம் எதுவும் இல்லை. பிஎச்.டி. பதிவானது 14 மாதம் கழித்துத்தான். பதிவு ஆணையை ஊரிலிருந்து வரவழைத்துக் காட்டிய பிறகே அந்த 14 மாதம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த ஒரு தாளைப் பெட்டியில் பத்திரமாக எடுத்துப் போங்கள்.

குழந்தை பெறத் திட்டமிடுபவர்கள் பிரிவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2(1) ஒப்பந்தம் என்றால், மகப்பேறு விடுப்பும் பெற்றோர் விடுப்பும் எடுத்த காலத்துக்கு உங்கள் சம்மதத்தோடு ஒப்பந்தம் நீளும். 2(2) என்றால் அப்படி நீளாது, குறித்த தேதியில் முடிந்துவிடும். ஒரே ஆய்வகத்தில் அடுத்தடுத்த மேசையில் இருக்கும் இருவருக்கு இப்படி வேறு வேறு விதி அமைவது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

அப்புறம் கடைசி மாதங்கள். பேராசிரியர் "நீட்டித்துவிடலாம், கவலைப்படாதே" என்று நல்ல மனதோடுதான் சொல்வார். வாய் வார்த்தையை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். ஒப்பந்தம் முடிய 3 மாதம் இருக்கும்போதே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவராகப் பதிய வேண்டும். தாமதித்தால் வேலையில்லாதோர் உதவித்தொகையில் ஒரு வாரம் போய்விடும். காலவரையறையே செல்லாது என்று நினைத்தால், ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 3 வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே பல்கலைக்கழகப் பணியாளர் மன்றத்திடம் (பணியாளர்களின் பிரதிநிதிகள் குழு) ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.