அமிலச் செறிவும் வினைவேகமும்: எங்கே தவறு நடக்கிறது?

அமிலத்தின் செறிவு கூடினால் வினைவேகம் கூடும். வேதியியல் படித்த எல்லோருக்கும் இந்த வரி மனப்பாடம். வரி பெரும்பாலும் சரிதான். ஆனால் இதை மட்டும் நம்பி ஒரு சோதனையைச் செய்யவோ ஒரு வரைபடத்தை விளக்கவோ போனால் இடறும் இடங்கள் நிறைய. செறிவை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு வேறு எதையோ சேர்த்து மாற்றிவிடுகிறோம். வேகத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு வேறு எதையோ அளக்கிறோம். தவறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

மிகச் சாதாரணமான குழப்பம், அளவையும் செறிவையும் ஒன்றாக நினைப்பது. 1 மோலார் (ஒரு லிட்டர் கரைசலில் ஒரு மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 50 மி.லி.க்குப் பதில் 100 மி.லி. ஊற்றினால் அமிலத்தின் அளவு இரு மடங்காகும், செறிவு அதே 1 மோலார்தான். உள்ளே கிடக்கும் மெக்னீசியம் நாடாவின் பரப்பில் ஒரு நொடியில் எத்தனை ஹைட்ரஜன் அயனிகள் வந்து மோதுகின்றன என்பதை வைத்துத்தான் வேகம் அமைகிறது. குடுவையில் மொத்தம் எத்தனை அயனிகள் இருக்கின்றன என்று அந்த நாடாவுக்குத் தெரியாது.

அடுத்தது, செறிவான அமிலம் அதிக வாயு தரும் என்ற எண்ணம். 0.06 கிராம் மெக்னீசியத்தை 1 மோலார் அமிலம் 50 மி.லி.யில் போட்டால், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 60 மி.லி. ஹைட்ரஜன் வரும். 2 மோலார் அமிலத்தில் போட்டாலும் அதே 60 மி.லி.தான். இரண்டிலும் அமிலம் தேவைக்கு மேல் இருக்கிறது, தீர்ந்துபோவது மெக்னீசியம். ஆகவே நேரத்துக்கு எதிராக வாயுவின் அளவைக் காட்டும் வரைபடத்தில் 2 மோலார் கோடு தொடக்கத்தில் செங்குத்தாக ஏறும், சீக்கிரம் படுக்கையாகும். ஆனால் இரண்டும் ஒரே உயரத்தில்தான் நிற்க வேண்டும். அமிலம் முதலில் தீரும்படி சோதனையை அமைத்திருந்தால் உயரமும் மாறும். எனவே கோடு வரையும் முன் எது முதலில் தீரும் என்று கணக்குப் போட்டுவிடுங்கள். ஒப்பிட வேண்டியது தொடக்கச் சரிவை. மொத்த வாயுவை மொத்த நேரத்தால் வகுத்து வரும் சராசரி, அமிலம் செலவாகிச் செறிவு குறைந்துவிட்ட பிற்பகுதியையும் கலந்துவிடுகிறது.

காரணம் எழுதும்போது வரும் பிழை இன்னொன்று: ‘செறிவு கூடும்போது துகள்கள் வேகமாக நகர்கின்றன’, ‘கிளர்வு ஆற்றல் (வினை நடக்க மோதலில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) குறைகிறது’. இரண்டுமே தவறு. துகள்களை வேகமாக்குவது வெப்பநிலை, கிளர்வு ஆற்றல் குறைந்த வழியைத் தருவது வினையூக்கி. செறிவு செய்வது ஒன்றுதான்: மோதல்களை அடிக்கடி நிகழவைப்பது. மோதல்களில் எத்தனை சதவீதம் வெற்றி பெறும் என்பது அப்படியே இருக்கும்.

ஆனால் வெப்பநிலை சோதனைக்குள் தானாகவே நுழைந்துவிடும், கவனம். மெக்னீசியமும் அமிலமும் வினைபுரியும்போது வெப்பம் வெளிப்படும். மேலே சொன்ன 0.06 கிராம் மட்டுமே 50 மி.லி. கரைசலை ஏறத்தாழ 5 டிகிரி சூடாக்கப் போதும். செறிவான அமிலத்தில் இந்தச் சூடு சில நொடிகளிலேயே வந்துவிடும், அதனால் வேகம் இன்னும் கூடும். அந்தக் கூடுதல் வேகத்தையும் செறிவின் கணக்கில் எழுதிவிட்டால் முடிவு பொய்யாகும். நாடாவைச் சிறிதாக வெட்டுங்கள், வெப்பமானியை உள்ளே வையுங்கள், முதல் சில அளவீடுகளை மட்டும் பயன்படுத்துங்கள். நாடாவின் மேல் இருக்கும் ஆக்சைடு படலத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காவிட்டால் தொடக்கமே தாமதமாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. செறிவை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் என்று விதிபோல எழுதுகிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய், சமன்பாட்டில் (Mg + 2HCl → MgCl₂ + H₂) அமிலத்துக்கு முன்னால் 2 இருப்பதால் வேகம் நான்கு மடங்காகும் என்பார்கள். சமன்பாடு எவ்வளவு செலவாகும் என்று மட்டுமே சொல்லும். வேகம் எந்தச் செறிவை எப்படிப் பொறுத்தது என்பதைச் சோதனைதான் சொல்ல முடியும்.

அசிட்டோனும் அயோடினும் அமிலக் கரைசலில் வினைபுரிவதைப் பாருங்கள். சமன்பாட்டின் இடப்பக்கத்தில் அயோடின் இருக்கிறது; ஆனால் அதன் செறிவை இரட்டித்தாலும் வேகம் மாறுவதில்லை. இடப்பக்கத்தில் அமிலமே கிடையாது. ஆனால் ஹைட்ரஜன் அயனிச் செறிவை இரட்டித்தால் வேகம் இரட்டிக்கிறது. மெதுவாக நடக்கும் படியில் அமிலத்துக்குப் பங்கு உண்டு, அயோடினோ அதற்குப் பிறகுதான் உள்ளே வருகிறது.

இதற்கு நேர் எதிரான கதை சோடியம் தயோசல்பேட் சோதனை. அமிலம் சேர்த்ததும் கரைசலில் கந்தகம் படிந்து, குடுவைக்கு அடியில் காகிதத்தில் போட்ட குறி மறையும் நேரத்தை அளப்போமே, அதேதான். இங்கே அமிலம் வினைபடுபொருள். ஆனாலும் தயோசல்பேட்டின் செறிவை மாற்றினால் நேரம் பளிச்சென்று மாறும். வழக்கமான அளவுகளில் அமிலத்தின் செறிவை மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியாது. இதைப் பார்த்துவிட்டு ‘சோதனை தவறிவிட்டது’ என்று அளவீடுகளைத் திருத்தும் மாணவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள். வந்த அளவீடுதான் அந்த வினையைப் பற்றிய செய்தி.

இதே சோதனையில், நீர் சேர்த்து மொத்தக் கன அளவை எப்போதும் ஒன்றாக வையுங்கள். இல்லாவிட்டால் செறிவுக் கணக்கு தப்பும். திரவத்தின் ஆழம் மாறுவதால் குறி மறையும் நேரமும் மாறிவிடும். அப்புறம், வரைபடத்தில் நேரத்தைப் போடாமல் நேரத்தின் தலைகீழியை (1/நேரம்) போட்டால்தான் அது வேகத்தைக் காட்டும்.

செறிவும் வலிமையும் வேறு வேறு என்பதும் அடிக்கடி விட்டுப்போகிறது. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிட்டத்தட்ட முழுவதும் அயனியாகும். 1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 1000 மூலக்கூறுகளில் ஏறத்தாழ 4 மட்டுமே எந்த நேரத்திலும் அயனியாக இருக்கும். செறிவு ஒன்றுதான், வேகம் வெகுவாகக் குறைவு. ஆனால் அயனிகள் செலவாகச் செலவாக மீதி மூலக்கூறுகள் பிரிந்து ஈடுகட்டுவதால், மெக்னீசியம் தீரும்வரை காத்திருந்தால் கிடைக்கும் வாயுவின் அளவு ஒன்றாகவே இருக்கும்.

செறிவை ஏற்றிக்கொண்டே போனால் வேகமும் ஏறிக்கொண்டே போகுமா? போகாது. 98 சதவீத சல்பியூரிக் அமிலம் ஏறத்தாழ 18 மோலார். அதில் அயனியாக்க நீரே போதாது. இரும்பின் மேல் ஒரு காப்புப் படலமும் உருவாகிவிடுகிறது. நீர்த்த அமிலம் அரித்துத் தின்னும் எஃகுத் தொட்டியில் அடர் அமிலத்தைச் சேமிக்க முடிவது இதனால்தான். அடர் நைட்ரிக் அமிலத்தில் அலுமினியம் தாக்குப்பிடிப்பதும் இப்படியே. துத்தநாகத்துடன் அடர் சல்பியூரிக் அமிலம் சேர்ந்தால் வினையே வேறு: ஹைட்ரஜனுக்குப் பதில் கந்தக டை ஆக்சைடு வரும். இவற்றை நீர்த்த அமிலத்தோடு ஒரே கோட்டில் வைத்து ஒப்பிடவே கூடாது. சலவைக்கல்லை (கால்சியம் கார்பனேட்) அமிலத்தில் போட்டு வேகத்தை அளக்கும் சோதனைக்கும் சல்பியூரிக் அமிலம் வேண்டாம். கால்சியம் சல்பேட் கல்லை மூடிக்கொண்டு வினையை அடக்கிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலமே சரி.

வெவ்வேறு செறிவுகளைத் தயாரிக்கும்போது எப்போதும் அமிலத்தை நீரில் சேருங்கள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கியபடி. நீரை அமிலத்தில் ஊற்றினால் அந்த இடத்திலேயே கொதித்துத் தெறிக்கும். நீர்த்த கரைசல் சூடாக இருந்தால் அறை வெப்பநிலைக்கு ஆறவிட்ட பிறகே நாடாவைப் போடுங்கள்.