கலியாணம் உண்மைதான், ஸ்பொன்சர் ஏன் மறுக்கப்படுகிறது?

ஸ்காபரோவில் எங்கள் சொந்தக்காரர் மத்தியில் எனக்குப் "படிவம் நிரப்பத் தெரிந்த ஆள்" என்று ஒரு பெயர். நான் சட்டத்தரணி அல்ல, இதற்குக் காசு வாங்குவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் யாராவது ஒரு பை நிறையக் கடதாசியோடு வந்து, "அண்ணை, இதை ஒருக்கால் பாருங்கோ" என்பார்கள். பையைத் திறந்தால் முதலில் வருவது கலியாண அல்பம். அதை ஓரமாக வைத்துவிட்டு நான் கேட்கும் முதல் கேள்வி: "நீங்கள் கனடாவுக்கு வந்தபோது என்ன எழுதிக் கொடுத்தீர்கள்?"

பதில் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

மனைவியையோ கணவனையோ ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிடும்போது புதிதாக ஒரு கதை தொடங்குவதாக நினைக்கிறோம். அதிகாரிக்கு அது பழைய கதையின் அடுத்த அத்தியாயம். நீங்கள் அகதிக் கோரிக்கை வைத்தபோது, மாணவர் விசா கேட்டபோது, அப்பா அம்மாவோடு சேர்ந்து விண்ணப்பித்தபோது எழுதிய முகவரி, வேலை, சகோதரர் விபரம், "திருமணமாகாதவர்" என்று போட்ட புள்ளடி எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. எதையாவது மறைத்ததாக முடிவானால் கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி 5 வருடம் கனடாவுக்குள் வர முடியாது. "முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு, எட்டு வருடத்துக்கு முன் லண்டன் மாணவர் விசா மறுக்கப்பட்டதை மறந்து "இல்லை" என்று போட்டவரைப் பார்த்திருக்கிறேன். உண்மையாகவே மறந்துதான் போனார். மறதி என்பதை நிரூபிக்க அவர் பட்ட பாடு தனிக்கதை. கனடாவில் இருப்பவர் தன் பழைய கோப்பின் பிரதியைத் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் கேட்டு எடுக்கலாம். படிவத்தைத் தொடும் முன் அதை எடுத்து வாசியுங்கள் என்றுதான் வருகிற எல்லோருக்கும் சொல்கிறேன்.

இதில் ஆக மோசமான பள்ளம், குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117(9)(டி). நீங்கள் நிரந்தர வதிவிடம் (பி.ஆர்.) பெற்றபோது உங்களுக்கு ஒரு மனைவியோ பிள்ளையோ இருந்து, அவரை நீங்கள் அறிவிக்காமல், அதனால் அவர் குடிவரவு அதிகாரிகளால் பரிசோதிக்கப்படாமல் போயிருந்தால், பின்னர் அவரைக் குடும்ப வகுப்பில், அதாவது குடும்பத்தவரை ஸ்பொன்சர் செய்யும் பிரிவில், கூப்பிட முடியாது. பலர் விழுவது எங்கே தெரியுமா? விண்ணப்பம் போட்ட நாளில் தனி ஆள். அதனால் படிவத்தில் பொய் இல்லை. பி.ஆர். உறுதிப்பத்திரம் கைக்கு வந்ததும், "போகிறதுக்கு முன் எழுத்தையாவது முடிப்போம்" என்று வீட்டார் அவசரமாகப் பதிவு வைக்கிறார்கள். பிள்ளை விமான நிலையத்தில் இறங்கி, "குடும்பத்தில் மாற்றம் உண்டா?" என்ற கேள்விக்கு இல்லை என்கிறான். அங்கே முடிந்தது. பெற்றோரைச் சார்ந்த பிள்ளையாக வந்தவனென்றால் இன்னும் சிக்கல். சார்ந்த பிள்ளை 22 வயதுக்குக் குறைந்தவராகவும் மணமாகாதவராகவும் இருக்க வேண்டும் என்பதால் அவனது சொந்த பி.ஆரே ஆட்டம் காணும். 2019 செப்டம்பரில் இந்த விதிக்கு ஒரு தற்காலிகத் தளர்வு கொண்டுவந்தார்கள். ஆனால், அறிவித்திருந்தாலும் தன் தகுதி பாதிக்கப்பட்டிருக்காது என்ற நிலையில் இருந்தவருக்குத்தான் அது. பெற்றோரைச் சார்ந்து வந்த அந்தப் பிள்ளைக்கு உதவாது. விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிறக்கும் குழந்தைக்கும் இதே விதிதான். குழந்தை பிறந்த செய்தி குடிவரவுத் துறைக்கும் போக வேண்டும்.

அடுத்தது கலியாணம் செல்லுமா என்பது. 2015 ஜூன் 11 முதல், ஒருவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ இணையத்திலோ பிரதிநிதி மூலமோ நடந்த திருமணத்தைக் குடிவரவுக்குக் கனடா ஏற்பதில்லை. கனடிய ஆயுதப் படையில் பணிபுரிவதால் வர முடியாமல் போனவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கொரோனா காலத்தில் ஸூமில் தாலி கட்டு பார்த்த வீடுகள் எத்தனை! பார்ப்பது பிழையில்லை, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே இடத்தில் இருந்தார்களா என்பதுதான் கேள்வி. மூன்று கிழமை லீவு எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டில் பதிவு செய்யப் போகிறவர்கள் இந்தியாவின் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் 30 நாள் அங்கே வசித்திருக்க வேண்டும். அறிவித்தல் கொடுத்த பிறகு இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டாம் திருமணமென்றால் விவாகரத்து முற்றான திகதியைப் பாருங்கள். இலங்கையில் முதலில் வரும் தீர்ப்பு, மூன்று மாதம் கழிந்த பிறகே முற்றாக்கப்படும். அந்த இடைவெளிக்குள் எழுதிய கலியாணம் செல்லாது.

சரி, உறவு உண்மையா என்ற சோதனைக்கு வருவோம். 2010இல் மாற்றிய விதியின்படி, உறவு உண்மையானதல்ல என்று கண்டாலே மறுக்கலாம். பிரதான நோக்கம் குடிவரவு என்று கண்டாலும் மறுக்கலாம். இரண்டில் ஒன்று போதும். எங்கள் ஆட்கள் இதற்கு அல்பத்தால் பதில் சொல்லப் பார்க்கிறார்கள். கேட்பதே ஆகக்கூடியது 20 படம். அதில் பன்னிரண்டு மணவறையில் ஒரே கோணத்தில் இருந்தால் என்ன பயன்? பதிவு நாள், பெற்றோரோடு சாப்பாட்டு மேசை, பிறகு அவர் மறுபடி ஊருக்குப் போனபோது எடுத்தது என்று காலம் நகர்வது தெரிய வேண்டும்.

பேச்சுக் கலியாணத்தை விளக்க வெட்கப்படுவதும் ஒரு தவறு. இணையத்தில் சந்தித்துக் காதலித்ததாகக் கதை கட்டுகிறார்கள். நேர்முகத்தில் அது நாலாவது கேள்வியிலேயே உடைகிறது. யார் சம்பந்தம் கொண்டுவந்தது, எப்போது குறிப்புப் பார்த்தது, முதலில் யார் யாரோடு பேசியது, சீதனம் பற்றி என்ன கதைத்தார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். செவ்வாய் தோஷத்தால் இரண்டு சம்பந்தம் தட்டிப்போய் மூன்றாவது சரிவந்தது என்றால் அதையும் எழுதுங்கள். பெண் நாலு வயது மூத்தவரா, கோயிலில் இருபது பேரோடு சடங்கு முடிந்ததா? அதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்கும். நீங்கள் எழுதாவிட்டால் அதிகாரி தானே ஒரு காரணம் எழுதிக்கொள்வார். அப்புறம், இருவரும் பதில்களைப் பாடமாக்காதீர்கள். மனைவிக்குக் கணவனின் ஷிப்ட் நேரம் தெரியாமல் இருக்கலாம். இருவரும் ஒரே வசனத்தை ஒரே சொற்களில் சொல்வதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

கனடாவில் இருப்பவர் மறக்கும் சின்ன விடயம் வரி. கலியாணம் முடிந்த பிறகும் வரிப் படிவத்தில் "தனி ஆள்" என்று போட்டு சலுகைக் காசு எடுத்துக்கொண்டு, குடிவரவுக்கு மட்டும் மணமானவராக இருக்க முடியாது. ஊரில் இருப்பவர் மறப்பது பொலிஸ் சான்றிதழ். கடந்த 10 வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அது வேண்டும். கட்டாரில் வேலை செய்த இரண்டு வருடம் "இப்ப அங்கே இல்லையே" என்பதால் அழிந்துவிடாது. மொழிபெயர்ப்பை ஆங்கில வாத்தியாரான மாமா செய்தால் ஏற்க மாட்டார்கள், குடும்பத்தவர் செய்யக் கூடாது. பெயரின் எழுத்து பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று என்றால் அதற்கு ஒரு சத்தியக் கடதாசி இணையுங்கள்.

காசு விடயத்தில் பயம் தேவையில்லாத இடத்தில்தான் பயப்படுகிறார்கள். துணையை மட்டும் கூப்பிடப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லை இல்லை. ஆனால் இயலாமை தவிர்ந்த காரணத்துக்காக அரச உதவிப் பணம் எடுப்பவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. கியூபெக்குக்கு வெளியே நீங்கள் கையொப்பமிடும் பொறுப்பு, துணை பி.ஆர். ஆன நாளிலிருந்து 3 வருடம். இடையில் பிரிந்தாலும் அது ஓடும். அவர் அரச உதவி எடுத்தால் பில் உங்களுக்கு வரும்.

இன்னொன்று, பெண்களுக்காகவே சொல்கிறேன். "இரண்டு வருடம் என்னோடு இருக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்டும் கணவன்மார் இன்றும் இருக்கிறார்கள். அப்படி ஒரு நிபந்தனை 2012இல் வந்தது உண்மை. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். உண்மையான கலியாணத்தில் வந்து பி.ஆர். கிடைத்த பெண், அடி தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறினால் அதற்காகப் பி.ஆர். பறிபோகாது.

கனடாவுக்குள் இருந்து போடுவதா, வெளியிலிருந்து போடுவதா என்பதை யோசிக்காமல் தெரிவுசெய்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. குடும்ப வகுப்பில் வெளியிலிருந்து போட்டு மறுக்கப்பட்டால், ஸ்பொன்சர் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய ஆதாரமும் வைக்கலாம். உள்ளே இருந்து போட்டதற்கு அந்த வழி இல்லை, சமஷ்டி நீதிமன்றம்தான். மறுப்புக் கடிதம் வந்ததும் கோபத்தில் அதே கடதாசிகளை அப்படியே மறுபடி அனுப்பியவர்கள் உண்டு. இரண்டாவது கடிதமும் வந்தது, அதற்குள் முதலாவதற்கான 30 நாள் போய்விட்டிருந்தது.