பழைய பேப்பர் தலைப்ப வெச்சு சிரிக்க வைக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

இரண்டாம் உலகப்போர் முடிஞ்சப்புறம் ஒரு பத்துப் பன்னெண்டு வருஷம் வந்த பேப்பர் தலைப்புகள தேடிப் புடிச்சு, அதப் பத்தி சிரிக்கச் சிரிக்க எழுதுறது நான் ரொம்ப நாளா பண்ற வேலை. இப்ப புதுசா நிறைய பேர் இதுல இறங்கியிருக்காங்க, சந்தோஷம்தான். போன வாரம் ஒரு தம்பி தான் எழுதினத அனுப்பி பார்த்துச் சொல்லுங்கண்ணேன்னாரு, படிக்கப் படிக்க அந்தக் காலத்துல நான் பண்ண அதே தப்புங்க வரிசையா வருது, மனசு கேக்கல, அதான் எழுதுறேன். எழுத்துப்பிழை, மங்கலான போட்டோ இதெல்லாம் நாலு தடவை எழுதினா தானா சரியாயிடும், அத விட்டுடலாம்.

சுருக்கெழுத்துக்கு நாமளே அர்த்தம் சொல்லிக்கிறது

1947 ஜூலை 8, அமெரிக்காவுல ராஸ்வெல் டெய்லி ரெக்கார்ட் பேப்பர். ராஸ்வெல் பக்கத்துப் பண்ணையில பறக்கும் தட்ட ஆர்.ஏ.ஏ.எஃப். புடிச்சிருச்சுன்னு முதல் பக்கத்துல தலைப்பு. நம்ம தம்பி அத ராயல் ஆஸ்திரேலியன் ஏர்ஃபோர்ஸ்னு நினைச்சுக்கிட்டு, ஆஸ்திரேலியாக்காரனுக்கு அங்க என்ன வேலைன்னு அரைப் பக்கம் ஜோக் எழுதி வெச்சிருக்காரு. அது ராஸ்வெல் ஆர்மி ஏர் ஃபீல்டு, அந்த ஊர் ராணுவ விமானத்தளம். உண்மையான வேடிக்கை எங்க இருக்குன்னா, பேப்பர்காரன் கதை விடல, அந்த விமானத்தளமே செய்திக்குறிப்பு கொடுத்துச்சு, கொடுத்த கையோட அது வானிலை பலூன்னு மேலிடம் மாத்திச் சொல்லிருச்சு. 1994-ல அமெரிக்க விமானப்படை வெளியிட்ட அறிக்கையில, அது சோவியத் அணுகுண்டு சோதனைய ஒட்டுக்கேக்க பறக்கவிட்ட ரகசிய பலூன், மோகல் திட்டம்னு வந்துச்சு. இவ்வளவு இருக்கும்போது ஆஸ்திரேலியா எதுக்கு?

'ரெட்ஸ்'னு பார்த்ததும் கம்யூனிஸ்ட்னு முடிவு பண்றது

பேஸ்பால் பக்கமான்னு முதல்ல பாருங்க. சின்சினாட்டி ரெட்ஸ் டீமே இந்தக் குழப்பத்துக்குப் பயந்து 1950கள்ல சில வருஷம் 'ரெட்லெக்ஸ்'னு பேர மாத்தி வெச்சிருந்துச்சு.

தலைப்ப மட்டும் வெட்டி எடுத்து வெச்சுக்கிறது

இதப் பத்திதான் நான் முக்கியமா பேசணும், இன்னிக்கும் நினைச்சா எரிச்சலா வருது.

ஆரம்பத்துல ஒரு லைப்ரரில மூணு நாள் உக்காந்து மைக்ரோஃபிலிம் (பழைய பேப்பர குட்டி குட்டியா போட்டோ புடிச்சு வெச்சிருக்கிற ஃபிலிம் சுருள்) ஓட்டி ஓட்டி கண்ணே பூத்துப்போச்சு, நல்ல தலைப்பு வந்தா திரையில அந்த வரிய மட்டும் பெருசாக்கி போன்ல ஒரு க்ளிக், அடுத்தது. இருநூறு போட்டோவுக்கு மேல சேர்ந்துச்சு. எதுலயும் தேதி இல்ல, பேப்பர் பேர் இல்ல, எத்தனாவது பக்கம்னு இல்ல. அதுல ஒண்ணு, பிரிட்டன்ல மிட்டாய்க்கு ரேஷன் எடுத்தாச்சுங்கிற தலைப்பு. மிட்டாய் ரேஷன் 1953 பிப்ரவரி 5-ல முடிஞ்சதுன்னு எங்கயோ படிச்ச ஞாபகத்துல அந்தத் தேதிய போட்டு, பிள்ளைங்க கடைக்கு ஓடின கதையெல்லாம் சேர்த்து, சொந்தக் காசுல முன்னூறு காப்பி சின்ன புஸ்தகமா அடிச்சேன்.

ஒரு பெரியவர் லெட்டர் போட்டாரு. தம்பி, மிட்டாய் ரேஷன ரெண்டு தடவை எடுத்தாங்க, நீங்க போட்டிருக்கிற தலைப்பு முதல் தடவை எடுத்தப்போ வந்ததுன்னு. போய் பார்த்தா நிஜம். 1949 ஏப்ரல் 24-ல எடுத்தாங்க, ஜனங்க அள்ளிட்டுப் போனதுல கடையெல்லாம் காலி, அதே ஆகஸ்ட்ல மறுபடியும் ரேஷன் கொண்டுவந்துட்டாங்க! அதாவது அந்தத் தலைப்போட ஆயுசு நாலு மாசம், அந்த அத்தியாயத்துலயே பெரிய சிரிப்பு அதுதான், அத நான் மொத்தமா தவறவிட்டு வேற ஏதோ கதை சொல்லியிருக்கேன். மீதி காப்பி ஒவ்வொண்ணுலயும் திருத்தச் சீட்டு ஒட்டினேன், மறுபடியும் அதே லைப்ரரிக்குப் போய் அதே ரீல முதல்லேர்ந்து ஓட்டினேன்.

தேதி மட்டும் போதாது, எந்த எடிஷன்னும் (ஒரே நாள் பேப்பர பல தடவை மாத்தி அச்சடிப்பாங்க) குறிச்சு வெக்கணும். 1948 நவம்பர் 3, சிகாகோ டெய்லி ட்ரிப்யூன், அமெரிக்க ஜனாதிபதி எலக்‌ஷன் பத்தி 'டியூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்'. எல்லாருக்கும் தெரிஞ்ச தலைப்பு, எல்லாரும் முட்டாள் எடிட்டர்னு சிரிச்சுட்டுப் போயிடறாங்க. அது முதல் எடிஷன். அச்சுக்கோக்குறவங்க 1947-லேர்ந்து ஸ்ட்ரைக், அதனால மேட்டர டைப்ரைட்டர்ல அடிச்சு, பக்கத்த போட்டோ எடுத்து, பிளேட் செஞ்சு ஓட்டிட்டு இருந்தாங்க, அதுக்கு நேரம் ஜாஸ்தி புடிக்கும், ஓட்டு எண்ணி முடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே பக்கம் மெஷினுக்குப் போயாகணும். கருத்துக்கணிப்பு எல்லாம் டியூயின்னு சொல்லுது, வாஷிங்டன் நிருபரும் அதையே சொல்றாரு, அடிச்சுட்டாங்க. சுமார் 1,50,000 காப்பி போனப்புறம் அடுத்த எடிஷன்ல தலைப்பு மாறிடுச்சு. ஆனா ஜெயிச்சது ட்ரூமன்தான், அவருக்கு 303 எலக்டோரல் ஓட்டு (மாநிலவாரியா கிடைக்கிற பிரதிநிதி ஓட்டு), டியூயிக்கு 189. ட்ரூமன் அந்தப் பேப்பர தூக்கிக் காட்டிச் சிரிக்கிற போட்டோ எலக்‌ஷன் ராத்திரி எடுத்ததுன்னு பல பேர் எழுதுறாங்க, இல்ல, அது செயின்ட் லூயிஸ் ரயில் ஸ்டேஷன்ல நவம்பர் 4-ந்தேதி எடுத்தது.

முழுப் பக்கத்தையும் எடுங்க. பேப்பர் பேர், தேதி, எடிஷன் தெரியுற மாதிரி ஒண்ணு, கீழ உள்ள செய்தி படிக்கிற மாதிரி ஒண்ணு. ஃபைல் பேர்லயே தேதிய போட்டுடுங்க, வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்னு மட்டும் விடாதீங்க.

தலைப்ப நாமளே மெருகேத்துறது

கூடாது.

சாவுச் செய்திய ஜோக்காக்குறது

வேணாம், அவங்க பேரப்பிள்ளைங்க இன்னிக்கு இருப்பாங்க.

சிலேடைய மொழிபெயர்க்கிறது

1957 அக்டோபர் 4-ல ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக்னு உலகத்தோட முதல் செயற்கைக்கோள விட்டான். டிசம்பர் 6-ல அமெரிக்கா அவசர அவசரமா ஒரு குட்டி சாட்டிலைட்ட வெச்சு வான்கார்டு ராக்கெட்ட விட்டுச்சு, நாலடி எழும்பி அப்படியே உக்காந்து வெடிச்சுப்போச்சு. பேப்பர்ல 'ஃப்ளாப்னிக்' (ஃப்ளாப்), 'கபுட்னிக்' (கபுட்னா காலி), 'ஸ்டேபுட்னிக்'னு (ஸ்டே புட்னா இருந்த இடத்துலயே இரு) தீட்டித் தள்ளிட்டாங்க. இத 'தோல்வியுற்ற செயற்கைக்கோள்'னு தமிழ்ல போட்டா என்ன மிஞ்சும்? வார்த்தைய அப்படியே விட்டுட்டு, ஸ்புட்னிக் கதைய முன்னாடி ரெண்டு வரியில சொல்லிடுங்க, சிரிப்பு தானா வரும். அப்புறம் தலைப்போட நிக்காம சம்பவத்த முழுசா படிங்க. ராக்கெட் வெடிச்சதுல அந்தக் குட்டி சாட்டிலைட் மட்டும் தூக்கி எறியப்பட்டு தரையில போய் விழுந்துச்சு, விழுந்த இடத்துலேர்ந்தே சிக்னல் அனுப்பிட்டு இருந்துச்சு.